மின்சார கார்களின் மோட்டாருக்குள் கசியும் கூலண்ட்: பேட்டரியைத் தாண்டிப் பார்க்காத விதிகள்

புது தில்லி: மின்சார கார் வாங்கச் செல்வோர் விற்பனை மையத்தில் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை ஆண்டு உழைக்கும், தீப்பிடிக்காதா என்ற கேள்விகளுக்குப் பிறகு மோட்டாரைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. எஞ்சினைப் போல் நூற்றுக்கணக்கான அசையும் பாகங்கள் இல்லாததால் மின் மோட்டாருக்குப் பராமரிப்பே தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியுள்ளது. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் உலகின் விலை உயர்ந்த மின்சார கார்கள் சிலவற்றை முடக்கியது பேட்டரி அல்ல. மோட்டாரின் சுழல் தண்டைச் சுற்றிப் பொருத்தப்படும், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சீல்.

அந்தச் சீல் தேய்ந்தால், மோட்டாரைக் குளிர்விக்க ஓடும் கூலண்ட் திரவம் மோட்டாருக்குள்ளேயே கசிகிறது. கசிவு வெளியே தெரிவதில்லை. தெரியவரும்போது பெரும்பாலும் மோட்டார், கியர், இன்வெர்ட்டர் மூன்றும் சேர்ந்த டிரைவ் யூனிட் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்த காரின் உரிமையாளருக்கு அது பல லட்சம் ரூபாய்ச் செலவு.

இந்தியச் சாலைகளில் ஓடும் மின்சார கார்கள் அனைத்துக்கும் இந்தக் குறை உண்டு என்று பொருளல்ல. கூலண்ட் செல்லும் பாதையைப் பொறுத்து ஆபத்தின் அளவு வேறுபடுகிறது. எனினும், நாட்டில் ஒரு நிதியாண்டின் மின்சார கார் விற்பனை ஒரு லட்சத்தைக் கடந்துவிட்ட நிலையில், முதல் தலைமுறை கார்கள் முதுமையை நெருங்கும் வேளையில், இத்தகைய மெல்லப் பழுதாகும் குறைகளைக் கண்டறிய இந்திய விதிகள் தயாராக உள்ளனவா என்ற கேள்வி எழுகிறது.

கசிவு எப்படி நேர்கிறது?

மின் மோட்டாரில் நிலையாக இருக்கும் பகுதி ஸ்டேட்டார். அதன் நடுவே சுழல்வது ரோட்டார். இரண்டும் சூடாகும். பெரும்பாலான நடுத்தர விலைக் கார்களில் ஸ்டேட்டாரைச் சுற்றியுள்ள உலோக உறையின் வழியாகக் கூலண்ட் ஓடுகிறது. இந்த அமைப்பில் திரவம் சுழலும் பாகத்தைத் தொடுவதே இல்லை. அசையாத இரு பரப்புகளுக்கு இடையே உள்ள ரப்பர் வளையங்கள் மட்டுமே திரவத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. அவை நீண்ட காலம் உழைக்கக்கூடியவை.

அதிக ஆற்றல் தரும் சில மோட்டார்களில் ரோட்டாரையும் உள்ளிருந்து குளிர்விக்க வேண்டியுள்ளது. அதற்காக ரோட்டாரின் தண்டைக் குழலாக வடிவமைத்து, அதனுள் கூலண்டைச் செலுத்துகிறார்கள். நிலையான குழாயிலிருந்து சுழலும் தண்டுக்குள் திரவம் நுழையும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கு உள்ள சீல், வேகமாகச் சுழலும் உலோகத்தை ஓயாமல் உரசிக்கொண்டே திரவத்தையும் தடுக்க வேண்டும்.

அந்த உரசலின் கடுமையை ஓர் எளிய கணக்கு உணர்த்தும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 15,000 முறை சுழன்றால், சீலைத் தொடும் அதன் பரப்பு நொடிக்குச் சுமார் 23 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல்கள் நொடிக்கு 12 முதல் 14 மீட்டர் வரையிலான வேகத்துக்கே ஏற்றவை. எனவே இத்தகைய இடங்களில் டெஃப்லான் வகைப் பொருள்களோ, மெருகூட்டிய இரு தட்டுகள் ஒன்றன்மீது ஒன்று சுழலும் இயந்திர சீல்களோ பயன்படுத்தப்படுகின்றன.

சீலுக்கும் தண்டுக்கும் இடையே இருக்கும் நுண்ணிய திரவப் படலம்தான் தேய்மானத்தைக் குறைக்கிறது. எண்ணெய் அந்த வேலையை நன்றாகச் செய்யும். நீரும் கிளைக்காலும் கலந்த கூலண்டுக்கு வழுக்கும் தன்மை குறைவு. தண்டின் பரப்பில் சிறு கீறல் இருந்தாலும், பேரிங் தேய்ந்து தண்டு நூலிழை அளவு ஆடினாலும், தவறான கூலண்ட் ஊற்றப்பட்டு உப்புப் படிவுகள் சேர்ந்தாலும் சீலின் ஆயுள் குறைகிறது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை துண்டித்து இணைப்பதால் தண்டில் உருவாகும் மின்னழுத்தம், பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் நுண்குழிகளை உண்டாக்குவதும் உண்டு. பேரிங் பழுதானால் அடுத்த பாதிப்பு சீலுக்குத்தான்.

கசிந்த திரவம் முதலில் தண்டின் வேகத்தை அளக்கும் உணரியை நனைக்கிறது. பிறகு பேரிங்குகளில் துரு ஏறுகிறது. இறுதியில் செப்புச் சுருள்களின் மின்காப்பு பலவீனமடைகிறது. மின்சார வாகனங்களில் உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் காரின் உடற்பகுதிக்கும் இடையே நேர்மின்னோட்டச் சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், மாறுமின்னோட்டச் சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற அளவில் மின்காப்புத் தடை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இந்தியத் தரநிலையும் அதையே பின்பற்றுகிறது. 400 வோல்ட் காரின் மோட்டார் சுற்றில் இது 2 லட்சம் ஓம். கூலண்ட் உட்புகுந்து இந்த அளவு குறைந்தால், காரின் கண்காணிப்புக் கருவி எச்சரிக்கை தருகிறது. அதன்பின் பல கார்கள் மீண்டும் இயங்க மறுக்கின்றன. பயணிக்கு மின்னதிர்ச்சி ஏற்படாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் உரிமையாளருக்கு மிஞ்சுவது நடுவழியில் நின்றுபோன கார்.

டெஸ்லா தந்த முதல் பாடம்

2012-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டெஸ்லாவின் மாடல் எஸ் கார், இப்பிரச்னைக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் பெரிய டிரைவ் யூனிட்டில் ரோட்டாரின் குழல் தண்டுக்குள் கூலண்ட் செலுத்தப்பட்டது. தொடக்க ஆண்டுகளிலேயே மோட்டாரிலிருந்து அரைக்கும் ஓசை வருவதாகப் புகார்கள் எழுந்தன; பல கார்களில் டிரைவ் யூனிட்டுகள் மாற்றப்பட்டன. 2014 ஆகஸ்ட் மாதம் பேட்டரிக்கு மட்டுமின்றி டிரைவ் யூனிட்டுக்கும் 8 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பற்ற உத்தரவாதத்தை அந்நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க் அறிவித்தார். ஏற்கெனவே விற்கப்பட்ட கார்களுக்கும் அது பொருந்தியது.

அந்த 8 ஆண்டுகள் முடிந்தபோதுதான் பிரச்னையின் மறுபக்கம் வெளிப்பட்டது. உத்தரவாதம் தீர்ந்த கார்களைப் பிரித்துப் பார்த்த அமெரிக்க, ஐரோப்பிய தனியார் பட்டறைகள், தண்டின் முனையில் இருந்த கூலண்ட் சீல் தேய்ந்து, வேக உணரி இருக்கும் அறைக்குள் திரவம் இறங்கியிருப்பதைக் கண்டன. சிறிய பாகம் ஒன்று தேய்ந்ததற்காக முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. இதனால் அப்பட்டறைகள் சீலையும் பேரிங்கையும் மட்டும் மாற்றும் முறையை உருவாக்கின. ரோட்டாருக்குள் செல்லும் கூலண்ட் பாதையையே அடைத்துவிடும் மாற்று வழியும் பரவியது. கசிவுக்கு அது முற்றுப்புள்ளி வைத்தாலும், நீண்ட நேரம் அதிவேகமாக ஓட்டும்போது ரோட்டாரின் வெப்பம் கூடுதலாகும் என்ற விவாதம் தொடர்கிறது.

2017-இல் வந்த மாடல் 3 காரில் டெஸ்லா வடிவமைப்பை மாற்றியது. மோட்டாருக்குள் எண்ணெய் சுற்றுகிறது. அந்த எண்ணெயின் வெப்பத்தைத் தனியான வெப்பப் பரிமாற்றி வழியே கூலண்ட் எடுத்துச் செல்கிறது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. சீல்களுக்கும் உராய்வு குறைவு. 2025 ஜூலையில் மும்பையிலும் ஆகஸ்டில் தில்லி ஏரோசிட்டியிலும் மையங்களைத் திறந்து டெஸ்லா இந்தியாவில் விற்கத் தொடங்கிய மாடல் ஒய் கார், இந்தப் புதிய முறையைச் சேர்ந்தது.

ஆடி, மெர்சிடிஸ்: இருவேறு அணுகுமுறைகள்

சுழலும் சீல் கசியவே கசியாது என்று எந்தப் பொறியாளரும் உறுதி கூற இயலாது. ஆகவே, கசிந்தால் திரவம் எங்கே போகும் என்பதே வடிவமைப்பின் முக்கியக் கேள்வியாகிறது. பெட்ரோல், டீசல் கார்களின் தண்ணீர் பம்பில் இதற்கு விடை நெடுங்காலமாகவே உள்ளது. பம்பின் சீலுக்கு அப்பால் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேயத் தொடங்கியதும் அத்துளை வழியே கூலண்ட் வெளியே சொட்டும். காருக்கு அடியில் ஈரத்தைக் கண்டதும் மெக்கானிக் பம்பை மாற்றிவிடுவார். எஞ்சினுக்கு ஆபத்து இல்லை.

ஆடி நிறுவனம் தனது இ-டிரான் காரில் ஏறத்தாழ இதே வழியைக் கையாண்டது. அதன் ரோட்டாரும் உள்ளிருந்து கூலண்டால் குளிர்விக்கப்படுகிறது. இயந்திர சீல் வழியே கசியும் சிறு அளவுத் திரவத்தைச் சேகரிக்க மோட்டாரில் தனிக் கொள்கலன் உண்டு. சேவையின்போது அதைச் சோதிக்க வேண்டும். கசிவை ஒப்புக்கொண்டு அதற்கு இடம் ஒதுக்கிய அணுகுமுறை இது. ஆனால் அதன் பயன் சேவை மையத்தின் கவனத்தைப் பொறுத்தது. 2021 ஜூலையில் இ-டிரான் இந்தியாவில் அறிமுகமானது.

மெர்சிடிஸ் பென்ஸ் இ.கியூ.சி. காரின் அனுபவம் வேறு. சீனாவில் தயாரான அக்கார்களில் மோட்டார் பழுது குறித்து உரிமையாளர்கள் 2021-இல் தொடர்ந்து புகார் செய்தனர். அதையடுத்து, கூலண்ட் மோட்டாருக்குள் கசிந்து மின்காப்பைக் குறைக்கக்கூடும் என்ற காரணத்துக்காக 2022-இல் அந்நாட்டில் சுமார் 10,000 கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் இதே பெயர் கொண்ட கார் 2020 அக்டோபரில் ஏறத்தாழ 1 கோடி ரூபாய் விலையில் அறிமுகமானது. சீனாவில் நடவடிக்கைக்கு வழிவகுத்தது ஒரே குறையைப் பலர் ஒரே இடத்தில் பதிவு செய்ததுதான் என்பது கவனத்துக்குரியது.

தில்லியின் வெயிலும் மழையும்

ஐரோப்பியக் குளிரையும் அகலச் சாலைகளையும் மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட பாகங்கள் தில்லியில் வேறொரு சோதனையைச் சந்திக்கின்றன. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. 79 ஆண்டுகளில் இல்லாத வெப்பம் அது. அடுத்த மாதமே, ஜூன் 28 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அதே நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மின்டோ பாலத்தின் அடியில் வழக்கம்போல் வெள்ளம் தேங்கியது.

காற்றின் வெப்பநிலை உயர்ந்தால் ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றும் திறன் குறைகிறது. கூலண்டின் சராசரி வெப்பநிலை உயர்கிறது. ரப்பர் நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் இறுகி நெகிழ்வை இழக்கிறது. வாகன நெரிசலில் நின்று நின்று செல்லும்போது சீலுக்கு அடியில் திரவப் படலம் முழுமையாக உருவாவதற்குள் தண்டு நின்று, மீண்டும் புறப்படுகிறது. தேங்கிய நீரில் ஓடும்போது வெளியிலிருந்து சேறும் மணலும் சக்கர அச்சுப் பக்கச் சீல்களைத் தாக்குகின்றன. இவை அனைத்தையும் தயாரிப்பாளர்கள் சோதனைக் கூடங்களில் கணக்கில் கொள்கிறார்கள். ஆனால் பத்துக் கோடைகளும் பத்து மழைக்காலங்களும் சேர்ந்து ஏற்படுத்தும் விளைவு சாலையில்தான் தெரியும்.

குறைந்திருக்கும் கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றும் வழக்கமும் பழைய கார்களிலிருந்து தொடர்கிறது. தில்லியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. அதிலுள்ள உப்புகள் சீலின் முகப்பில் படிந்து தேய்மானத்தை விரைவுபடுத்துவதோடு, கூலண்டின் மின்கடத்தும் தன்மையையும் கூட்டுகின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது?

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, மத்திய அரசு பாதுகாப்புத் தரநிலைகளைக் கடுமையாக்கியது. இருசக்கர வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ்.-156, கார்களுக்கான ஏ.ஐ.எஸ்.-038 ஆகியவற்றின் திருத்தங்கள் 2022 டிசம்பர் 1 முதல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அவற்றின் மையம் பேட்டரி. மோட்டாரைப் பொறுத்தவரை ஏ.ஐ.எஸ்.-041 அதன் ஆற்றலையும், அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனையும் அளக்கிறது. மின்காப்புத் தடை புதிய வாகனத்தில் சோதிக்கப்படுகிறது. சீல் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளரின் உள்சோதனைக்கே விடப்பட்டுள்ளது.

குறை பின்னர் தெரியவந்தால் என்ன வழி? 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்கு வழங்குகிறது. குறை ஒரு பாகத்தில் இருந்தால், எந்த நிறுவனத்தின் எந்த மாடலாக இருந்தாலும் அப்பாகம் பொருத்தப்பட்ட அனைத்து வாகனங்களையும் திரும்பப் பெறச் செய்ய முடியும். ஒரே மோட்டார் தொகுதியைப் பல நிறுவனங்கள் ஒரே சப்ளையரிடம் வாங்கும் காலத்தில் இது வலுவான அதிகாரம். தயாரிப்பாளர் தாமாக முன்வந்து குறையை அறிவித்தால் அபராதம் கிடையாது.

ஆனால் இப்பிரிவின் பயன்பாட்டுக்கு மூன்று வரம்புகள் உள்ளன. முதலாவது, குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணிகள் அல்லது சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உரிமையாளரின் பணத்தை மட்டும் கரைக்கும் குறை இதன்கீழ் வராது. நெடுஞ்சாலையில் ஓடும் கார் திடீரென ஆற்றலை இழப்பது பாதுகாப்புப் பிரச்னையே என்று வாதிடலாம். சீனாவில் நடவடிக்கைக்கு அடிப்படையானதும் அதுவே. ஆனால் நிறுத்துமிடத்தில் புறப்பட மறுக்கும் காருக்கு அந்த வாதம் எளிதல்ல.

இரண்டாவது, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, கட்டாயமாகத் திரும்பப் பெறும் உத்தரவுக்கு வாகன வகைக்கும் ஆண்டு விற்பனைக்கும் ஏற்றபடி குறிப்பிட்ட அளவு புகார்கள் அரசின் இணையதளத்தில் பதிவாக வேண்டும். சில நூறு கார்களே விற்ற மாடலில், வெவ்வேறு நகரங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் பழுதாகும் கார்களின் உரிமையாளர்கள் ஒருவரையொருவர் அறிய வாய்ப்பில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்க இத்தனை புகார்கள் வேண்டும் என்ற எண்ணிக்கை வரம்பை வைத்திருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் சேவை மையங்களுக்கு அனுப்பும் தொழில்நுட்ப அறிக்கைகளும் அங்கு பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன.

மூன்றாவது, தயாரான நாளிலிருந்து 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இவ்விதி பொருந்தும். இந்தியாவில் பல நிறுவனங்கள் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். அதாவது, நிறுவனத்தின் உத்தரவாதம் முடிவதற்கு முன்பே அரசின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஹூண்டாய் கோனா 2019 ஜூலையிலும், டாடா நெக்ஸான் இ.வி., எம்.ஜி. இசட்.எஸ். இ.வி. ஆகியவை 2020 ஜனவரியிலும் அறிமுகமானவை. இவற்றின் முதல் கார்கள் 2026, 2027-ஆம் ஆண்டுகளில் இந்த 7 ஆண்டு எல்லையை எட்டுகின்றன. டெஸ்லாவின் அனுபவம் காட்டுவதுபோல், சீல் தேய்மானம் பரவலாக வெளிப்படுவது அந்த வயதுக்குப் பிறகுதான்.

தாமாகத் திரும்பப் பெற்ற நிறுவனங்கள்

நடைமுறையில் இந்தியாவில் நிறுவனங்கள் தாமாக முன்வந்து கார்களைத் திரும்பப் பெறுவதே வழக்கம். பேட்டரிக் குறைக்காக 456 கோனா கார்களை 2020 டிசம்பரில் ஹூண்டாய் திரும்பப் பெற்றது. 2024-இல் சார்ஜிங் கட்டுப்பாட்டு அலகில் இருந்த குறைக்காக ஹூண்டாயின் 1,744 ஐயோனிக் 5 கார்களும், கியாவின் 1,138 இ.வி.6 கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தக் குறைகள் ஏற்கெனவே வெளிநாடுகளில் கண்டறியப்பட்டவை; இந்திய உரிமையாளர்கள் அதன் பயனைப் பெற்றனர். இந்தியாவுக்கென்றே தயாராகும் கார்களில் இந்திய வெயிலில் மட்டும் தோன்றும் குறையை வெளிநாட்டு ஒழுங்குமுறை அமைப்பு கண்டுபிடித்துத் தராது என்பதே இதில் உள்ள இடைவெளி.

தனி ஒருவரின் புகாரும் அரசை அசைக்கும் என்பதற்குத் தில்லியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நெக்ஸான் இ.வி. அறிவிக்கப்பட்ட தூரத்தை ஒருபோதும் எட்டவில்லை என்று ஓர் உரிமையாளர் அளித்த புகாரின் பேரில், 2021 மார்ச் 1 அன்று அக்காருக்கான மானியத்தைத் தில்லி அரசு நிறுத்தி வைத்தது. சில நாள்களில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், ஓடும் தூரம் கார் உரிமையாளரே ஓட்டி அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. மூடிய அலுமினிய உறைக்குள் நிகழும் கசிவை அவ்வாறு அளக்க முடியாது. ஆதாரம் முழுவதும் சேவை மையத்தின் கையில் இருக்கிறது.

பழைய கார் சந்தையில் தொடங்கும் சிக்கல்

தில்லியில் இந்தப் பிரச்னைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உத்தரவு 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் தலைநகர வட்டாரத்தில் தடை விதித்தது. அதன் அமலாக்கத்தில் 2025-இல் மாற்றங்கள் வந்தபோதிலும், பல குடும்பங்கள் மின்சார காரை நோக்கித் திரும்ப அது காரணமாயிற்று. காற்று மாசு கட்டுப்பாடுகளின்போதும் ஓடக்கூடியது, 2020 ஆகஸ்டில் வெளியான தில்லி மின்சார வாகனக் கொள்கை வழங்கிய சாலை வரி விலக்கு ஆகியவை கூடுதல் ஈர்ப்புகள். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கார் பத்தாண்டுக்கு மேல் உழைத்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும்.

புதிய கார் வாங்க இயலாதோர் பழைய மின்சார கார்களை நாடுகின்றனர். தில்லி வட்டாரத்தில் 2019 முதல் இயங்கிய புளூஸ்மார்ட் மின்சார வாடகைக் கார் சேவை, அதனுடன் தொடர்புடைய ஜென்சால் நிறுவனம் மீது 2025 ஏப்ரல் 15 அன்று செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவுக்குப் பின் நின்றுபோனது. குத்தகைக் கார்கள் பல வாரங்கள் வெயிலில் நின்றன. வாடகைக் கார் ஓராண்டில் ஓடும் தூரம் தனிநபர் காரைவிடப் பல மடங்கு அதிகம், தேய்மானமும் அப்படியே. இத்தகைய கார்கள் பழைய கார் சந்தைக்கு வரும்போது, வாங்குபவர் பேட்டரியின் நலத்தைத் திரையில் பார்த்துவிடலாம். மோட்டாரின் உட்புற நலத்தைக் காட்டும் திரை எதுவும் இல்லை.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உள்ளது. காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் எந்தப் பெட்ரோல் காரின் தண்ணீர் பம்பும் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். ஆனால் டிரைவ் யூனிட்டின் சீல் தனிப் பாகமாக விற்கப்படுவது அரிது. நிறுவன மையங்கள் யூனிட்டை மொத்தமாகவே மாற்றுகின்றன. உயர் மின்னழுத்தத்தைக் கையாளப் பயிற்சி பெறாத மெக்கானிக் அதைத் திறப்பது உயிருக்கே ஆபத்து என்பதும் உண்மை. நுகர்வோர் நலத் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளத்தையும் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது. பயிற்சி பெற்ற தனியார் பட்டறைகளுக்குச் சீல், பேரிங் போன்ற உட்பாகங்களும் சேவைக் கையேடுகளும் கிடைத்தால் மட்டுமே அம்முயற்சி மின்சார கார் உரிமையாளருக்குப் பயன்படும்.

உரிமையாளர் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை உரிமையாளரின் முதல் பாதுகாப்பு விழிப்புணர்வே. மோட்டார் சுற்றுக்கான கூலண்ட் தொட்டியின் அளவு காரணமின்றிக் குறைந்தால் அதை நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. மூடிய சுற்றில் திரவம் ஆவியாகிப் பெரிதாகக் குறைவதில்லை. எங்கோ கசிகிறது என்பதே பொருள். சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் கூலண்ட் அளவை வேலைச் சீட்டில் எழுதி வாங்குவது பின்னாளில் ஆதாரமாகும். நிறுவனம் குறிப்பிட்ட கூலண்டைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. மின்காப்பு தொடர்பான எச்சரிக்கை ஒரு முறை தோன்றி மறைந்தாலும் படம் எடுத்து வைத்து, எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும்.

உத்தரவாதப் பத்திரத்தில் 8 ஆண்டு என்ற சொல் பேட்டரியை மட்டும் குறிக்கிறதா, மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் சேர்த்தா, சீல்கள் தேய்மானப் பொருள்களாக விலக்கப்பட்டுள்ளனவா, இரண்டாம் உரிமையாளருக்கும் அது பொருந்துமா என்பவற்றை வாங்குவதற்கு முன்பே படித்துப் பார்ப்பது நல்லது.

தகராறு எழுந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்திக் குறைக்கு மட்டுமின்றி வடிவமைப்புக் குறைக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய காருக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். கண்ணால் கண்டறிய இயலாத குறையை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே கழற்றப்பட்ட பழைய யூனிட் நிறுவனத்திடம் திரும்பிச் செல்லும் முன், அதன் நிலை குறித்த அறிக்கையைக் கேட்டுப் பெறுவது முக்கியம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவாகும் புகார்கள் வீண்போவதில்லை. ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் குறித்து அங்கு குவிந்த 10,000-க்கும் மேற்பட்ட புகார்களே 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பக் காரணமாயின.

அடுத்து என்ன?

தீர்வுகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. திரும்பப் பெறும் விதியின் 7 ஆண்டு வரம்பைக் குறைந்தபட்சம் உத்தரவாதக் காலத்துக்கு இணையாக்குவது, ஒரே பாகம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாற்றப்பட்டால் அதை அமைச்சகத்துக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குவது, மோட்டார் சுற்றின் கூலண்ட் குறைவையும் மின்காப்பு அளவையும் உரிமையாளரின் திரையிலேயே காட்டச் செய்வது ஆகிய மூன்றும் பெரும் செலவில்லாதவை. முதல் இரண்டுக்கு விதித்திருத்தம் போதும். மூன்றாவதற்குத் தேவையான மின்காப்பு அளவீட்டைப் பல கார்கள் இப்போதே தமக்குள் செய்துகொள்கின்றன. அதை உரிமையாளருக்குச் சொல்வதில்லை, அவ்வளவே.

பேட்டரி குறித்த அச்சம் வெளிப்படையான தீ விபத்துகளால் எழுந்தது. அதனால் விதிகளும் விரைவில் வந்தன. சீல் தேய்மானத்தில் புகையும் இல்லை, தீயும் இல்லை. ஒவ்வொரு காராக, ஒவ்வொரு வீட்டு வாசலாக அது நிகழும். பெட்ரோல் காரின் தண்ணீர் பம்பிலிருந்து சொட்டும் ஒரு துளி, பழுது பெரிதாவதற்கு முன்பே உரிமையாளருக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. 20 லட்சம் ரூபாய் கொடுத்து மின்சார கார் வாங்குபவருக்கும் அந்த முன்னறிவிப்பு கிடைக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே.